வெறும் வயிற்றோடு ஈப்போ: பத்து காஜா வழி

கோப்பெங்கிலிருந்து ஈப்போ நகரத்துக்குப் பத்து காஜா என்ற ஊர் வழியாகப் போவது என்ற முடிவை, எண்பதுகளின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யாரையும் கலந்து பேசாமல் எடுத்தேன். நேர்வழி சுமார் இருபது கிலோமீட்டர். நான் தேர்ந்தெடுத்தது அதைவிடப் பதினைந்து கிலோமீட்டர் கூடுதல். இதைவிட அற்பக் காரணங்களுக்காகப் படைகள் திசை மாறியிருக்கின்றன. என் காரணம் இதுதான்: நேர்வழியில் குனோங் ராபாட் இருக்கிறது. குனோங் ராபாட்டில் அத்தை இருக்கிறார்.

என் மனைவியின் அண்ணன் ராமையாவுக்கு அவர் அத்தை. ராமையா மச்சான் கோப்பெங்கைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிவிட்ட ஒரு பழைய ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தார். அவருடைய அப்பா வயிற்றுப் புற்றில் போனவர். தெரியவந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மச்சானுக்கும் ஒரு வருடமாக மேல்வயிற்றில் எரிச்சல். கிளினிக்கில் வெள்ளை மருந்து கொடுத்தார்கள். எரிச்சல் அடங்கியது. வயிறு குணமாகிவிட்டதாக அவரே தீர்ப்பு எழுதினார். அப்பா கதையைக் கேட்ட ஈப்போ டாக்டர் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. மருந்து எரிச்சலை அடக்கும், அடியில் இருப்பதை மறைக்கவும் செய்யும், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தாக வேண்டும் என்றார். சோதனைக்கு முந்தின இரவுக்குப் பிறகு தண்ணீர்கூடக் கூடாது.

முதல் முறை நேர்வழியில்தான் போனோம். வாசல் வழியாகப் போய்விட்டுத் தலையைக் காட்டாமல் இருப்பது மரியாதையில்லை என்று மச்சான் இறங்கினார். நானும் டாக்சிக்கார மணியமும் காரிலேயே இருந்தோம். மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது உண்மையைச் சொன்னார்.

"ஒண்ணும் சாப்பிடல மிஸ்ஸி. ரெண்டே தோசைதான். அத்தை போட்டா எப்படி வேணாங்கிறது?"

ஆறு வாரம் தள்ளிப்போட்டார்கள். தோசைக்கு மூன்று வாரம் வீதம்.

இரண்டாவது முறை, கோப்பெங் சந்தியில் இடப்பக்கம் திரும்பச் சொன்னேன். "அண்ணே, இது பத்து காஜா ரோடு லா. ஈப்போ அந்தப் பக்கம்" என்றார் மணியம். தெரியும் என்றேன். வாடகையில் ஐந்து வெள்ளி கூடக் கேட்டார், ஒத்துக்கொண்டேன். பின்சீட்டில் மச்சானுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அத்தைய ஒதுக்கிட்டுச் சுத்திப் போறோமா? தெரிஞ்சா என்ன நினைக்கும்?"

"கோவிச்சுக்கட்டும் மச்சான். அதுக்கு மருந்து இருக்கு."

வழியில் லஹாட் என்ற ஊரில் ஒரு காப்பிக் கடையைப் பார்த்ததும் மணியம் வேகத்தைக் குறைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் கூட்டினார். எட்டரைக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தோம். அதுவரை மச்சான் வழியிலிருந்த காப்பிக் கடைகளையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். வயிறு காலியாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தொண்டை மரத்துப்போக மருந்து அடித்துக் குழாயை விழுங்க வைத்தார்கள். உள்ளே சிறிய புண் மாதிரி ஓர் இடம். அதிலிருந்து துணுக்குகள் கிள்ளியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுதான். ஆனால் உள்தோலைத் தாண்டவில்லை. இந்த நிலையில் அகப்பட்டால் பெரும்பாலோர் அறுவைக்குப் பிறகு நன்றாகவே இருக்கிறார்கள், வயிற்றுச் சுவரைத் துளைத்துக்கொண்டு போன பிறகு வருகிறவர்களுக்கு அப்படிச் சொல்ல முடிவதில்லை என்றார் டாக்டர். வயிற்றில் பாதிக்கு மேல் எடுத்தார்கள்.

இதே பயணத்தைத் திட்டமிடுபவர்களுக்குச் சில வார்த்தைகள். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால் கேட்காவிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தில் வலி நின்றதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு சோதனையைக் கைவிடாதீர்கள். மயக்க ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்டக்கூடாது, கூட ஆள் வேண்டும். ரோடு நன்றாகவே இருக்கிறது. வழியில் யார் யார் வீடு என்பதை முதல் நாளே யோசித்து வையுங்கள். டாக்சிக்காரரிடம், வெளியே சொல்ல வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், நான் மணியத்திடம் அப்படிச் சொல்லிவைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து மச்சான் மகளுக்குக் கல்யாணம். நாங்கள் சுற்றிப் போன கதை காதுக்கு எட்டியிருந்ததால் அத்தை வரவில்லை. மச்சான்தான் தாரை வார்த்தார்.