சனிக்கிழமை மிஸ்ஸிங்

ஒரே கோளாறுக்கு ஒரு வண்டி இரண்டாம் முறை பட்டறைக்கு வந்துவிட்டால், அன்றைக்கு அப்துல் வதூது யாருக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். சிதம்பரத்தில், கடலூர் போகும் சாலையில், இருபத்தாறு வருஷமாக டீசல் வண்டி பார்க்கிறவர். பாய் கை வைத்த வண்டி திரும்பி வராது என்று டிரைவர்கள் பேசுவதைக் கேட்காதது போலக் கேட்டுக்கொள்வார். அந்தப் பேருக்குத்தான் கொளஞ்சியப்பனின் பிக்கப் வேட்டு வைத்தது. அது வந்தது இரண்டாம் முறை அல்ல, ஐந்தாம் முறை.

கொளஞ்சியப்பனுக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம். அங்கே மில்லில் அரிசி மூட்டை ஏற்றித் திருப்பாதிரிப்புலியூர் கடைகளில் இறக்குவது தொழில். வண்டி நாலு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. பங்குனியில் பாய் அதன் ஆயில் கசிவைச் சரிசெய்து கொடுத்தார். அதற்குப் பிறகு வாரம் முழுக்க ஒழுங்காக ஓடும். சனிக்கிழமை காலையில் கிளப்பினால் மட்டும் நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாது. வண்டி உடம்பெல்லாம் குலுங்கும். மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்பார்களே, அதுதான். பாரத்தோடு நொண்டி நொண்டிக் குமராட்சி தாண்டினால் தானாகச் சரியாகிவிடும். சிதம்பரத்தில் பாய் காது வைத்துக் கேட்கும்போது ஒரு குறையும் இருக்காது. டாக்டர் வீட்டு வாசலுக்கு வந்ததும் விட்டுப்போகிற காய்ச்சலோடு யார்தான் மல்லுக்கட்டுவது?

பாயும் சும்மா இருக்கவில்லை. டீசல் பில்டரை மாற்றினார். ஸ்கேனர் மாட்டினார், அது மூன்றாவது சிலிண்டர் என்றது. அதன் இன்ஜெக்டரைப் புதுசாகப் போட்டார். அடுத்த சனிக்கிழமையும் அதே குலுக்கல். பங்க் டீசலைத் திட்டினார், கொளஞ்சியப்பன் ஓட்டுகிற லட்சணத்தைத் திட்டினார், தன்னைத் தவிர எல்லாரையும் திட்டித் தீர்த்தார். கொளஞ்சியப்பனோ இது ஏழரைச் சனியின் வேலை என்று முடிவுகட்டி, வாரம் தவறாமல் எள் தீபம் போட்டு வந்தார்.

ஆடி மாதம் மில்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்னொரு சனிக்கிழமை லேட்டானால் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். அன்றைக்கே கொளஞ்சியப்பன் பாய்க்கு போன் போட்டார்.

"இந்தச் சனிக்கெழமயும் மிஸ்ஸிங் அடிச்சா திங்கக்கெழம வண்டிய புரோக்கர்கிட்ட வுட்டுறேன் பாய். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

ஆறுதலாகச் சொன்ன அந்தக் கடைசிப் பேச்சுதான் பாயைச் சுட்டது. வண்டி போனால் அந்த மனிதர் இன்னொருத்தரிடம் சம்பளத்துக்கு ஓட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பையில் சாமான்களைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். இரவு அங்கேயே தங்கி, காலையில் வண்டியைக் கிளப்பும்போது கேட்டுவிடுவது என்று திட்டம். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அவர் பட்டறை திறப்பதில்லை. மில்லுக்கும் அன்றைக்குத்தான் லீவு. ஆக, வெள்ளிக்கிழமையில் அந்த வண்டியை அவர் பார்த்ததே இல்லை.

போய்ச் சேர்ந்தபோது கொளஞ்சியப்பனின் மனைவி இளவரசி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடியது, கையில் ஓஸ். சக்கரம், கண்ணாடி எல்லாம் முடித்துப் பானட்டைத் தூக்கினார். ஓஸின் வாயை விரலால் அழுத்தி, என்ஜினின் சந்து பொந்தெல்லாம் பீய்ச்சி அலசினார். பிறகு நெற்றிக்கு வைப்பது போல முன்கண்ணாடிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். பாய் பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

வண்டியைக் கிளப்பச் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலமே சனிக்கிழமைக் குலுக்கல் குலுங்கியது. அணைத்துவிட்டு மூன்றாவது இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரின் சொருகியை உருவினார். உள்ளே இருந்த ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. ஊதி, துடைத்து, காயவிட்டு மாட்டியதும் என்ஜின் சீராக ஓடியது.

நாலு மாதக் கோபம் அவருக்கு மூக்கு நுனிக்கு வந்தது. "என்ஜினுக்குத் தண்ணி அடிக்க யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

இளவரசி திகைத்துப்போனார். "நீங்கதான் பாய். ஆயில் வேல முடிஞ்சப்ப, வாரத்துக்கு ஒருவாட்டி என்ஜின சுத்தம் பண்ணிடுங்கன்னு சொன்னீங்களே. நான் ஒரு வாரங்கூட வுடல."

சொன்னதுதான். கசிவு மறுபடி வந்தால் கண்ணுக்குத் தெரியட்டும் என்று, துணியால் துடைப்பதை நினைத்துச் சொன்னது. வெள்ளிக்கிழமை வீட்டில் சுத்தம் என்றால் தண்ணீர்தான். ஐந்து வேளையும் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டுத் தொழுகிற மனிதருக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? வதூதுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, தன் ஒரு சொல்லை இவ்வளவு பத்திரமாகக் கடைப்பிடித்தவரிடம் கத்திவிட்டோமே என்று வலித்தது.

"தப்பு என்னுதும்மா. தொடைங்கன்னு சொல்லியிருக்கணும்."

அப்படியானால் சனீஸ்வரனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா என்று கொளஞ்சியப்பன் கேட்டார். அடுத்த தடவை கோயிலுக்குப் போகும்போது தன் பேரைச் சொல்லி அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடும்படி பாய் சொன்னார். இளவரசி அப்போதுதான் சிரித்தார். பையிலிருந்த புது ரப்பரைப் போட்டுவிட்டு, தங்காமல் கடைசி பஸ்ஸில் பாய் ஊர் திரும்பினார்.

மறுநாள் காலை பட்டறையைத் திறந்தவருக்கு வேலை ஓடவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூட்டைகளோடு பிக்கப் வந்தது. கொளஞ்சியப்பன் இரண்டு முறை ஹாரன் அடித்தார். வண்டி நிற்காமல் கடலூர்ப் பக்கம் போய்விட்டது. பாய்க்குக் கண் கலங்கியது; எழுந்து ஸ்பானரை எடுத்தார்.