பந்தயக் காரின் அழுக்கு

ஒரு காரைத் துடைத்ததற்காக ஒரு குடும்பத்தை வீட்டை விட்டு வெளியேற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, கொச்சியில் டைல்ஸ் ஒட்டும் வேலை என்று சுற்றிவிட்டு, போடியில் மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர் ஜீப்பை விற்றுவிட்டதால் முந்தல் ரோட்டில் ஒரு ஏலக்காய்க் குடோனுக்கு டிரைவராகப் போனேன். குடோனில் ஏலக்காய் இல்லை. பழைய கார்கள் இருந்தன.

முதலாளிக்கு மலையில் எஸ்டேட், சென்னையில் வீடு. சென்னையில் உப்புக் காற்று, மலையில் எந்நேரமும் ஈரம். இரண்டும் தகரத்தைத் தின்றுவிடும், போடிக் காற்றுதான் பழைய வண்டிக்குத் தோது என்பார். கார்களுக்கு ஏற்ற காற்றைத் தேடி ஊர் ஊராக அலைந்த மனிதர் அவர்.

குடோனுக்குப் பின்னால் ஓர் அறை. அதில் ராசிங்காபுரத்து அக்கா ஒருவரும் அவர் வீட்டுக்காரரும் இருந்தார்கள். வீட்டுக்காரர் மலையில் ஜீப்பு கவிழ்ந்து இடுப்பு உடைந்தவர். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அந்த அறைக்குப் படி கிடையாது. கக்கூஸ் கதவை ஒட்டியே இருந்தது. யாரையும் கூப்பிடாமல் அவரே போய் வந்துவிடுவார். அதற்காகவே அக்கா ஏலக்காய் எடுக்கிற வேலையை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் குடோன் பெருக்க வந்திருந்தார். அவருக்குச் சம்பளத்தைவிட அந்த அறைதான் பெரிது.

கார்களில் ஒன்று பந்தயக் கார். மேல்கூரை இல்லாதது, தாழ்வானது, கம்பி போட்ட சக்கரங்கள். பச்சைப் பெயிண்ட் வெளுத்துப் போயிருந்தது. மூக்கில் வெள்ளை வட்டம் போட்டு, யாரோ கையால் எழுதிய எண். இங்கிலாந்தில் செய்தது, இந்த மாதிரி உலகத்திலேயே விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் மிச்சம் என்று முதலாளி சொல்வார். விருந்தாளிகள் வந்தால் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார். இந்த நெளிசல் எந்த வளைவில் விழுந்தது, இந்த எண்ணை எழுதிய மெக்கானிக் எப்படிப்பட்டவன், சீட்டின் தோல் இந்த இடத்தில் கறுத்தது ஓட்டியவனின் வியர்வையால் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். உண்மையில் தொடமாட்டார். விரலை ஒரு அங்குலம் தள்ளியே வைத்துக்கொள்வார்.

எனக்கும் அந்தக் காரைப் பிடிக்கும். பொய் சொல்லக் கூடாது. ஒருமுறை ஸ்டார்ட் செய்தபோது குடோன் தகரம் முழுக்க அதிர்ந்தது. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கை ஊறியது. ஆனால் அதை யாரும் ஓட்டுவதில்லை. ஓட்டினால் தேய்ந்துவிடுமாம்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு முதலாளி வரவில்லை. எனக்குப் போன் போட்டார்.

“எல்லா வண்டிக்கும் பூசை போட்டுரு. பந்தய வண்டிக்கு ஒரு குறையும் வைக்காத.”

அக்காவிடம் சொன்னேன். பூவும் எலுமிச்சம்பழமும் வாங்க நான் போடிக்குள் போய்விட்டேன். ஜீப்பு ஸ்டாண்டில் அன்று ஒரு வண்டி மிச்சமில்லாமல் கழுவிக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில் ஆயுத பூசை என்றால் முதலில் கழுவுவதுதான். வருடம் முழுக்கச் சேற்றில் உழன்ற வண்டிகூட அன்றைக்குக் குளித்துவிட்டுத்தான் சந்தனம் வாங்கும். திரும்பி வந்தபோது அக்கா வேலையை முடித்திருந்தார். காரை சீயக்காய்த் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பித்தளைச் சாமான்களைப் புளி போட்டு விளக்கி, சீட்டை அழுத்தித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார். கார் மினுங்கியது. வெள்ளை வட்டத்தில் எண்ணின் ஓரம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. சீட்டின் கறுப்பு போய்விட்டது.

“பாரு தம்பி, கல்யாண மாப்ள மாதிரி இருக்கான்ல?” என்றார்.

மறு வாரம் முதலாளி வந்தார். அந்தக் காரைக் கொச்சிக்காரர் ஒருவருக்கு விற்கப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“யாரு தொட்டது இத?”

“நாந்தேன் அய்யா. ஒரே பிசுக்கு. வெரசாப் போகல, ரெண்டு கை பாத்தேன்.”

“அறிவிருக்கா? அது பிசுக்கு இல்ல, அதான் ஒரிஜினல்! அந்த அழுக்கு உனக்கு முன்னாடி பொறந்தது!”

“பூசை போடச் சொன்னது நீங்கதான சார்?” என்றேன் நான்.

“பொட்டு வைக்கச் சொன்னேன். தேய்க்கச் சொன்னேனா?”

“குளிப்பாட்டாத வண்டிக்கு எப்பிடிய்யா பொட்டு வைக்கிறது?” என்றார் அக்கா. கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரின் இடுப்பைக் காட்டி அக்கா கெஞ்சினார். தீபாவளி வரைக்குமாவது இருந்துக்கிறோம் என்றார். முதலாளி சீட்டைப் பார்த்தபடியே நின்றார். எப்போதோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரன் ஓட்டும்போது விட்ட வியர்வை அவருக்குப் பொக்கிஷம். அதே சீட்டை முழங்கால் போட்டுத் துடைத்தவரின் வியர்வை நாசவேலை. அவரவர் வியர்வைக்கு அவரவர் ஜாதகம்போல. என்னை அவர் துரத்தவில்லை. மலைக்கு ஜீப்பு ஓட்ட ஆள் வேண்டியிருந்தது.

அவர்களை ராசிங்காபுரத்தில் அக்காவின் தம்பி வீட்டில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். நான்கு படி ஏறிப் போகிற வீடு. கக்கூஸ் கொல்லைக் கடைசியில். வீட்டுக்காரர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் அந்தப் படியைத்தான் பார்த்தார். “தம்பி, இங்க நான் யாரையாச்சும் கூப்பிட்டுத்தேன் ஆகணும்” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பெட்டியோடு வந்தார். அழுக்கைத் திரும்ப வைப்பது அவர் தொழில். டீத்தூளைக் காய்ச்சி வடித்தார். கரித்தூளும் பழைய இஞ்சின் ஆயிலும் கலந்தார். மலை ரோட்டு வளைவிலிருந்து நைசான புழுதி கொண்டா என்று என்னை அனுப்பினார். உதிர்ந்த எண்ணின் ஓரத்தை மறுபடி எழுதி, அதையே தேய்த்து ‘பழையபடி’ மங்கவைத்தார். சீட்டில் வியர்வை படிந்த இடத்தைப் போட்டோ பார்த்து வரைந்தார். நல்ல வேலைக்காரர்தான், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. முதலாளி அவருக்குத் தன் கையாலேயே காபி கொண்டுவந்து கொடுத்தார்.

துடைத்தவரைத் துரத்திவிட்டு, பூசியவருக்கு உபசாரம்.

கொச்சிக்காரர் வந்தார். வயதானவர், வெள்ளை வேட்டி. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்த எண்ணுக்கு முன்னால் குனிந்து வெகுநேரம் நின்றார். முதலாளி போன் பேச வெளியே போனார். எனக்குக் கொச்சியில் கற்ற மலையாளம் இருந்தது. கிட்டே போனேன். உண்மை தெரிந்தால் வியாபாரம் கெடும், கெட்டால் முதலாளிக்கு உறைக்கும், ஒருவேளை அக்காவைத் திரும்பக் கூப்பிடுவார் என்று என் மூளைக்கு எட்டியது.

“சாரே, இது அழுக்கல்ல. தேயிலப்பொடியும் கரியும் கலக்கி தேச்சதாணு.”

அவர் நிமிரவே இல்லை. “அறியாமெடோ” என்றார். தெரியும் என்கிறார்! “நல்ல பணியா.” நல்ல வேலையாம்.

வாங்கப்போகிற அவருக்குத் தெரியும். நாளை அவரிடம் வாங்குகிறவருக்கும் தெரியுமாம். தெரிந்ததைச் சொல்லாமலிருப்பதுதான் இந்தச் சோலியில் மரியாதை என்று சிரித்துக்கொண்டே விளக்கினார். நான் அக்காவின் கதையைச் சொன்னேன். படியைச் சொன்னேன். இதற்காகவா அவர்களை வெளியே போட்டார்கள் என்று கேட்டேன்.

“அது நிங்ஙட முதலாளியோடு பற” என்று சொல்லிவிட்டு மறுபடியும் சீட்டைப் பார்க்கக் குனிந்தார்.

அதைப் போய் உன் முதலாளியிடம் சொல் என்கிறார். முதலாளியிடமும் சொன்னேன். அதோடு எனக்கும் அங்கே வேலை போயிற்று. அது பெரிய விஷயமில்லை. எனக்கு வேலை போவது புதிதல்ல, தோளில் ஒரு பையோடு எங்கேயும் போய்விடுவேன்.

ஒரு வாரம் கழித்து ராசிங்காபுரம் போனேன். அக்கா மறுபடியும் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போக ஆரம்பித்திருந்தார். வேலை முடிந்து தலையில் சோத்துக்கூடையோடு ஜீப்பிலிருந்து இறங்கி வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீத்தூளைச் சொன்னபோது முதலில் நம்பவில்லை.

“அழுக்க வாங்கியா பூசுனாங்க?”

“ஆமாக்கா.”

“அதச் சொல்லியிருந்தா நானே பூசி விட்டுருப்பேனே அப்பு” என்றார். “அந்த அறையில எங்க மனுசன் கதவத் தொறந்து தானாப் போய்ட்டு வந்துக்கிட்டு இருந்தாரு.”

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். கூடை தலையிலேயே இருக்க, அக்கா படியேறிப் போனார்.