அடைச்ச காதுல கேட்ட குரல்

பேய், ஆவின்னு யாராச்சும் பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிர்ற ஆளுங்க நான். திருக்கோகர்ணத்துல வீட்டுலயே தையல் மிஷின் போட்டுப் பொழைக்கிறவளுக்கு எதுக்குங்க இந்தக் கதையெல்லாம்? ஆனா இது நடந்துச்சு. நம்புனா நம்புங்க.

எனக்கு ரொம்ப வருஷமா ஒத்தத் தலைவலி. வந்துச்சுன்னா வெளிச்சமே ஆகாது, தலை கிறுகிறுன்னு சுத்தும், எடது காது தண்ணி புகுந்த மாதிரி அடைச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள ஒரே இரைச்சல். காது டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு, “மைக்ரேன் சில பேருக்கு உள்காதையும் பாதிக்கும்மா, ஒங்களுக்கு அந்தக் காதுல கேக்குறது கொறஞ்சிருக்கு”ன்னாரு.

அன்னைக்கு மத்தியானம் வலி தாங்க முடியாம, ஜன்னலைச் சாத்திட்டு, நல்லா கேக்குற வலது காதைத் தலகாணியில அமுக்கிப் படுத்திருந்தேன். தெருவுல டவுன் பஸ் போறதுகூடக் கேக்கல. அப்ப அந்த அடைச்ச காதுல இரைச்சல் டக்குனு நின்னு, “அக்கா, கதவத் தொற”ன்னு கேட்டுச்சு. என் தம்பி செந்தில் கொரலு. அவன் குவைத்துல வேலை பார்க்குறான். லீவு கெடைச்சு சொல்லாம கொள்ளாம வந்துட்டானோன்னு, செவத்தைப் புடிச்சுப் புடிச்சுப் போயித் தொறந்தேன். வாசல்ல வெயில் மட்டுந்தான். கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன், வெளிச்சம் கண்ணைக் குத்துச்சு, சாத்திட்டு வந்து படுத்துட்டேன்.

சாயங்காலம் போன் வந்துச்சு. வேலை எடத்துல மயங்கி விழுந்த செந்தில், மத்தியானமே ஆஸ்பத்திரியில எறந்து போயிட்டானாம்.

டாக்டர்ட்ட இதைச் சொன்னேன். “காது அடைச்சுக்கிட்டா சில சமயம் மூளையே சத்தம் உண்டாக்கிக்கும்மா”ன்னாரு. சரி, என் மூளை பண்ணுன வேலைன்னே வச்சுக்கிருவோம்.

அப்பறம், குவைத்துல செந்தில்கூட ரூம்ல இருந்த குளத்தூர்க்காரரு லீவுல வந்தப்ப துக்கம் கேக்க வந்தாரு. கடைசி வரைக்கும் பக்கத்துல இருந்தவரு. காப்பி டம்ளரைக் கீழ வச்சுட்டு, “கண்ணை மூடிக்கிட்டே ஒங்களைத்தான் கூப்புட்டான்க்கா, கதவத் தொற, கதவத் தொறன்னு. அப்பறம் மொகம் தெளிஞ்சு லேசா சிரிச்சான்”னாரு.

அதோட விட்டிருக்கலாம். “பெறகு ஒண்ணும் சொல்லலையா?”ன்னு நாந்தான் கேட்டேன்.

“‘ஏன்க்கா சாத்துற?’ன்னான். அவ்வளவுதாங்க்கா.”

இப்பல்லாம் வலி வந்தா மாத்திரை போடுறதில்ல. கதவை அகலத் தொறந்து வச்சுக்கிட்டு, அந்த வெளிச்சத்துக்கு நேராவே உக்காந்திருக்கேன். காதுல வெறும் இரைச்சல்தான் கேக்குது.