கதவில் குறை இருந்தது

கோவிந்தன் அன்று குடித்திருக்கவில்லை. ஜீப்பின் கதவில்தான் குறை இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தே மறைத்தேன்.

இத்தனை காலம் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்... மனம் திருந்தியவன் என்று மட்டும் நினைக்காதீர்கள்!

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகிற சாலையில் டிங்கர் கடை வைத்திருக்கிறேன். நசுங்கிய வண்டித் தகட்டைத் தட்டி நேராக்குவது என் பிழைப்பு. கல்வராயன் மலைக்கு ஏறுகிற ஜீப்புகளில் பாதி என் கடையில் படுத்து எழுந்தவை. கோவிந்தன் வெள்ளிமலைப் பக்கத்து ஆள். சொந்த ஜீப்பில் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி மலைக்கும் கீழுக்குமாக ஓட்டினான். சும்மா இருக்க மாட்டான். யாரையாவது கேலி செய்துகொண்டே இருப்பான்.

அது ஆடி மாதம். ஆடியில் மலைமேல் அடிக்கிற காற்றை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கப் போயிருக்கிறான். காற்று பின்பக்கமிருந்து வந்திருக்கிறது. கதவைக் கொஞ்சம் திறந்ததுமே கையிலிருந்து பிடுங்கி, முன்பக்கத்து மட்கார்டில் அறைந்துவிட்டது. கதவை நிறுத்திப் பிடிக்கும் பட்டை அறுந்து, மேல் கீல் வளைந்துவிட்டது. கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து சேர்ந்தான்.

வளைந்த கீலை நேராக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. கீல் இடுக்கில் மரக்கட்டையைச் செருகி, கதவை உடம்பால் தள்ளி மூட வேண்டும். கீல் பழைய இடத்துக்கு வரும். ஆனால் மெல்ல மெல்லத் தள்ள வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும் கீல் பதிந்திருக்கிற தகடு கிழிந்துபோகும்.

அன்று சந்தை. மலைக்குத் திரும்புகிற சனம் கடை வாசலில் மூட்டையும் கோழியுமாகக் காத்திருந்தது. கதவோ சட்டத்தில் உட்காரவே மாட்டேன் என்றது. தட்டினேன். தள்ளினேன். மறுபடி தட்டினேன். எதிர் டீக்கடை பெஞ்சிலிருந்து கோவிந்தன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்:

“காத்து ஒரே ஒரு அடிதான் அடிச்சிது. அண்ணன் காலைலேர்ந்து அடிச்சிக்கினே இருக்காரு. எந்த அடி ஜாஸ்தின்னு கதவுதான் சொல்லணும்!”

“வுடுய்யா, பாவம், அது அழுவப் போவுது” என்றாள் ஒரு கிழவி.

“கதவா, அண்ணனா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கட்டையை இடுக்கில் வைத்தேன். தோளைக் கொடுத்து ஒரே மூச்சில் தள்ளினேன். கதவு கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன். மேல் கீலை ஒட்டித் தகட்டில் ஒரு வெடிப்பு. நகம் நுழையும், அவ்வளவுதான்.

காற்று பிளந்ததா? நான் பிளந்தேனா? ஐயோ... அது இன்றுவரை எனக்குத் தெரியாது!

‘கோவிந்தா, வண்டி இங்கேயே நிக்கட்டும், வெல்டு வைக்கணும்’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் என்ன சொல்வான் என்பதும் தெரியும். ‘காத்து மிச்சம் வெச்சத அண்ணன் முடிச்சிட்டாரு’ என்பான். மறுபடியும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். வேறு எதற்கும் இல்லை. கேட்கவே கேவலமாக இல்லையா? கேவலம்தான்!

பட்டி மாவைக் குழைத்து வெடிப்பில் அப்பினேன். காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து மேலே பெயிண்ட் அடித்தேன். என் வேலையில் அவ்வளவு வழவழப்பாக வேறு எதுவும் வந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில், பாரம் ஏற்றிய ஜீப் ஒரே திருப்பில் திரும்பாது. கொஞ்சம் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். பின்னால் ஆட்கள் தொங்கிக்கொண்டிருப்பார்கள், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அதனால் டிரைவர் கதவைப் பாதி திறந்து, அதன்மேல் முழு உடம்பையும் சாய்த்து, தலையை வெளியே நீட்டிப் பின்சக்கரத்தைப் பார்ப்பான். மலை டிரைவர்கள் எல்லாரும் அப்படித்தான். மற்ற வண்டிகளில் கதவு என்பது ஏறி இறங்க. அங்கே உயிர் தொங்குகிற இடம் அது.

இது எனக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்துதான் சாவியை அவன் கையில் கொடுத்தேன்.

“சும்மா சொன்னேன்ணே. உன் கையி கையிதான்” என்று சிரித்துவிட்டுப் போனான். 

அடுத்த சந்தை வருவதற்குள் சேதி வந்தது. வளைவில் பின்னால் எடுத்திருக்கிறான். காற்று அடித்திருக்கிறது. கீல் தகட்டோடு பிய்ந்து, கதவும் அவனும் சேர்ந்து ரோட்டில் விழுந்தார்கள். பின்னால் உருண்ட ஜீப்பின் முன்சக்கரம் அவன் இடுப்பில் ஏறி இறங்கியது. ஜீப் ஒரு பாறையில் முட்டி நின்றது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள், குழந்தைகள் இருந்தார்கள்... அந்தப் பாறை மட்டும் இல்லையென்றால்! 

ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார்கள். கோவிந்தனின் மனைவி சின்னப்பொண்ணும் கூட வந்திருந்தாள். புருஷனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேராக வந்திருந்தாள்.

“அண்ணா, அவுரு குடிச்சிட்டு ஓட்டுனாரு, அதான் வுழுந்தாருன்னு சொல்றாங்க. ஊரு கூடிக் கேக்கப் போறாங்களாம். வண்டி எடுக்கிற அன்னிக்கி அவுரு தொடவே மாட்டாருண்ணா. கதவுல எதுனா கொறை இருந்துதா? நீ பாத்து ஒரு வார்த்த சொன்னா போதும். நீ சொன்னா கேப்பாங்க.”

ஒரு வார்த்தை... கதவு என் காலடியில் கிடந்தது. பிய்ந்த தகட்டில் என் பட்டி மாவு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது என்னவென்று தெரியாது. காலை நகர்த்தி அதன்மேல் வைத்துக்கொண்டேன்.

“கதவுல ஒண்ணும் இல்லம்மா” என்றேன்.

“நல்லாப் பாருண்ணா.”

“பாத்துட்டுத்தான் சொல்றேன். காத்து எல்லாருக்கும்தானே அடிக்கிது?”

கடைசியாகச் சொன்னேனே, அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்!

அவள் திரும்பிப் போனாள். 

அவள் போனதும் அந்தத் தகட்டை வெட்டி எடுத்தேன். வெடிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் அது என் தள்ளலில் வந்ததா, காற்றில் வந்ததா, முன்பே துருவேறிக் கிடந்ததா என்று தெரிந்திருக்கும். தொழில் தெரிந்தவன் பார்த்தால் தெரியும். நான் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பழைய இரும்புக் குவியலில் எறிந்தேன். புதுத் தகடு வைத்து, இந்த முறை ஒழுங்காக வெல்டு வைத்தேன். கூலி வேண்டாம் என்றேன். நல்ல மனுஷன் என்றார்கள்.

மலையில் ஊர் கூடியது. நான் சொன்னதையே எடுத்து வைத்தார்களாம். கதவில் குறை இல்லை, அப்படியானால் ஓட்டியவனிடம்தான் குறை. இனி கோவிந்தன் ஆள் ஏற்றக் கூடாது என்று முடிவானது. ஏற்ற, அப்போது அவனால் எழுந்து நிற்கவே முடியாது என்பது வேறு விஷயம். ஜீப்பை விற்றார்கள். சின்னப்பொண்ணு அடுத்தவர் காட்டில் சாமை அறுக்கப் போனாள்.

கோவிந்தன் பிழைத்தான். கோலை ஊன்றி இடுப்பை இழுத்து இழுத்து நடக்கிறான். ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கும்போதெல்லாம் என் கடையில் உட்கார்ந்துவிட்டுத்தான் போவான். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடுவேன் என்று வாயைத் திறப்பேன். ‘டீ சாப்பிடுறியா’ என்று மூடிக்கொள்வேன்.

போன முறை மொட்டைத் தலையோடு வந்தான். கையில் ஒரு பொட்டலம்.

“இன்னாடா இது, மொட்ட?”

“காளி கோயிலுக்கு வேண்டிக்கினேண்ணே. இனிமே சாவுற வரைக்கும் குடிக்க மாட்டேன்.”

“அன்னிக்கி நீ குடிக்கலயே...”

வாய் தவறி வந்துவிட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை. மொட்டையைத் தடவிக்கொண்டான்.

“நானும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். அப்பறம் ரோசன பண்ணேன். மொத நாளு சாயங்காலம் கொஞ்சம் குடிச்சேன். அது எறங்காம இருந்திருக்கும். இல்லன்னா ஏன் வுழறேன்? கதவு நல்லா இருந்துதுன்னு நீயே சொல்லிட்ட. நீ பொய்யா சொல்லுவ? தப்பு என்னுதுதாண்ணே. வண்டில புள்ளைங்க இருந்துச்சி... அதுங்களப் பெத்தவங்க கால்ல எல்லாம் வுழுந்துட்டு வந்தேன்.”

 அந்த இடுப்பை வைத்துக்கொண்டு எப்படி விழுந்திருப்பான்? கேட்கவில்லை.

பொட்டலத்தைப் பிரித்தான். குங்குமம். “கிட்ட வாண்ணே” என்றான்.

போனேன். அவனால் சட்டென்று எழ முடியாது என்பதால் நான் குனிந்தேன். அவன் கட்டைவிரல் என் நெற்றியில் அழுத்தி இழுத்தது.

“நல்லா இருண்ணே” என்றான்.

சரி என்று தலையாட்டினேன்.