ஹலினா வைத்த மூன்றாவது தட்டு

டென்மார்க்கில் ஒரு வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு கிழமைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கோப்பிக்கு அழைத்தால் கோப்பிதான். சோற்றை நினைத்து வெறும் வயிற்றோடு போனால் போனவன் பாடு. இங்குள்ள ஹோர்சன்ஸ் நகருக்கு வந்த புதிதில் இது எனக்குப் பிடிபட நாளெடுத்தது. யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டு நேரத்தில் வந்தவரை "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று மறிக்காத வீட்டை நான் கண்டதில்லை.

ஹலினா போலந்துக்காரி. ஊரில் பழைய ஸ்லாவிய மொழிகள் படிப்பித்தவள்; இங்கே டேனிஷ் வகுப்பில் என்னோடு கடைசி வாங்கில் இருந்தாள். ஒரு சொல் அகப்பட்டால் அதன் பூர்வீகம் பார்க்காமல் விடமாட்டாள். அந்த நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விருந்துக்கு, என்னை வீட்டுக்கு அழைத்தாள். என் மனைவி வசந்தி அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அவளை இங்கே எடுப்பதற்கான விண்ணப்பம், எங்கள் ஆட்கள் பலருடையதைப் போலவே, பதிலில்லாமல் கிடந்தது. சண்டைச் செய்தி வரும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. நாங்களோ இருவர். எங்கள் வீட்டில் ஆளில்லாத தட்டு என்றால் செத்தவருக்குப் படைப்பதுதான். ஒன்றும் கேட்காமல், மரியாதையாக, மீனிலும் கிழங்கிலும் கொஞ்சம் எடுத்து அதில் வைத்துக் கும்பிட்டேன். ஹலினா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய தடுமாறும் டேனிஷை எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

"இது சொல்லாமல் வாற விருந்தாளிக்கு. ஆனா நீர் செய்ததும் பிழையில்லை. முந்தி இது செத்தவைக்கு வைச்ச தட்டெண்டும் சொல்லுவினம்."

பிறகு பாடம் தொடங்கியது. ஸ்லாவிய மொழிகளில் இன்று விருந்தாளியைக் குறிக்கும் 'கோஸ்த்' பழைய ரஷ்யாவில் பிறநாட்டு வியாபாரியைக் குறித்ததாம். அதற்கும் முன்னால் அவன் வெறும் அந்நியன். அதே வேரில் முளைத்த லத்தீன் சொல் எதிரியாகிப் போனது. அந்நியன் ஹலினாவின் ஆட்களிடம் விருந்தாளியாவதற்கு எத்தனை தலைமுறை எடுத்ததோ என்று நினைத்தேன்; வசந்தியை எடுக்க என்னால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

என் முகத்தைப் பார்த்து அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "இண்டைக்கு இது வசந்திக்கெண்டு இருக்கட்டும்."

நான் தட்டைத் திருப்பித் தள்ளினேன். "வேண்டாம் ஹலினா. அவ உயிரோட இருக்கிறா."

அவள் சிரிப்பு நின்றது. நான் வைத்த மீனை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். "ஓம். அவ வரேக்கை அவவுக்குத் தட்டு வேற. அண்டைக்கு நாலு வைப்பம்."

சாப்பிட்டோம். மாடிப்படியில் காலடி கேட்கும்போதெல்லாம், யாராவது வந்து அந்தத் தட்டுக்கு முன்னால் உட்காரட்டும் என்று ஒரு மனம் சொன்னது; ஊரிலிருந்து செய்தியோடு யாரும் வந்துவிடக் கூடாது என்று மற்ற மனம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.