ஒரே அளவில் பதினாறு சவுக்குக் கழிகள்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதிலும் சாதாரண முட்டாள் இல்லை. காதில் பென்சில், கையில் டேப், மூக்கில் கண்ணாடி எல்லாம் வைத்துக்கொண்டு, நூல் பிசகாமல் முட்டாள்தனம் செய்கிறவன்.

இருபத்திரண்டு வருஷமாக எனக்கு நிலக்கரிச் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் வேலை. அங்கே ஒரே மாதிரி நூறு துண்டு வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக அளக்க மாட்டோம். ஜிக் என்று ஒரு சட்டம் செய்துகொள்வோம். பொருளை அதற்குள் உட்கார வைத்து வெட்டினால் அளவு தானாக வந்துவிடும். மூளை தேவையில்லை. இந்தக் கடைசி வசதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

எங்கள் குவார்ட்டர்ஸின் பக்கவாட்டில், கேட்டிலிருந்து பின்பக்கச் சாக்கடை வரைக்கும், மனைவி தக்காளியும் அவரையும் போட்டிருந்தாள். டவுன்ஷிப்பில் மாடுகளுக்கு எங்களைவிட சர்வீஸ் அதிகம். எந்த பிளாக்கில் எந்த வீட்டில் என்ன காய்த்திருக்கிறது என்று அவற்றுக்கு அத்துபடி. அதிலும் ஒரு செவலை மாடு, சாயங்காலம் ஷிஃப்ட் பஸ் போன கையோடு வரும். போன பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது தோட்டத்தில் குச்சிகள் மட்டும் இருந்தன.

இந்தத் தடவை கோவில்பட்டியில் அவள் தங்கைக்கு வளைகாப்பு. ஞாயிறு சாயங்காலம் விருத்தாசலத்தில் ரயில்.

"மாடு உள்ள வராதுன்னு தெரிஞ்சாத்தான் நான் கிளம்புவேன்" என்று சொல்லிவிட்டாள். "குறிஞ்சிப்பாடியிலேர்ந்து வேலி கட்டுறவர் ஒருத்தர் வர்றாராம். அரை நாள்ல முடிச்சிருவாராம்."

"அவரு கண்ணளவுல வெட்டுவாரு. ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கி நிக்கும். பாக்கிறவன் என்ன நெனப்பான்?"

"மாடு என்ன நெனக்கும்னு பாருங்க."

அந்தப் பேச்சை நான் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பழைய கட்டில் பலகையை அறுத்து ஒரு ஜிக் செய்தேன். மூன்று பலகை சேர்ந்த தொட்டி மாதிரி இருக்கும். ஒரு முனையில் கழி முட்டி நிற்க ஒரு கட்டை. அதிலிருந்து சரியாக ஐந்து அடியில், இரண்டு பக்கப் பலகையிலும் ரம்பம் இறங்க நேரான வெட்டு. கழி ஆடாமலிருக்க இரண்டு ஆப்பு. சனிக்கிழமை காலையில் பதினாறு சவுக்குக் கழியை வெட்டி போர்டிகோ தரையில் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். தலையில் பலகை வைத்து, அதன் மேல் ரசமட்டம் வைத்தேன். குமிழி நடுவில் வந்து நின்றது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குமிழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

குழியும் எல்லாம் ஒன்றரை அடி. ஒரு குச்சியில் கோடு போட்டு, அந்தக் கோடு வரைக்கும் தோண்டினேன். கழிகளை நட்டு, மண்ணை மிதித்து, முனைக்கு முனை நூல் கட்டி ரசமட்டத்தை மாட்டினேன். குமிழி கேட் பக்கம் ஓடி ஒளிந்துகொண்டது. சாக்கடைப் பக்கம் போகப் போகக் கழிகள் இறங்கிக்கொண்டே போயின.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான்கைந்தைப் பிடுங்கி மறுபடி போர்டிகோவில் நிறுத்தினேன். ஒரே உயரம். குழிக்குள் இறக்கினேன். ஏறி இறங்கி நின்றன. தரையில் அண்ணன் தம்பி மாதிரி நிற்கிறது, மண்ணுக்குள் போனதும் பங்காளி ஆகிவிடுகிறது. ரசமட்டம் கெட்டுப்போச்சோ என்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அது நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்து, பல் தேய்த்துக்கொண்டே வந்தார். அவரும் குறிஞ்சிப்பாடிக்காரர்தான்.

"என்னா சார், காலையிலேர்ந்து நட்டுகினும் புடுங்கிகினும் இருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். நுரையைத் துப்பிவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மைன்ஸ உங்க வூட்டுக்கு அடியில வெட்டிகினு வரானுங்க போல. உள்வாங்குது சார்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் குனிந்து மண்ணில் காது வைத்துப் பார்த்தேன் என்பதை இங்கே மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். காரணம் புரியாவிட்டால் என்ன, மேலே சமமாக இருந்தால் போதும். இருப்பதிலேயே கீழே இறங்கி நின்ற சாக்கடை ஓரத்துக் கழியின் தலையிலிருந்து கேட் வரைக்கும் ரசமட்டம் பார்த்து நூல் கட்டினேன். ஜிக்கின் ஒரு பக்கத்தைக் கழற்றி, நிற்கிற கழியோடு சேர்த்துக் கட்டி, நூலுக்கு மேலே இருந்ததையெல்லாம் நறுக்கினேன். முதலில் விரல் கனம், அப்புறம் கை கனம், கேட் பக்கத்தில் ஒன்றரை அடித் துண்டாக விழுந்தது. மூன்று வரிசை கம்பி இழுத்தேன். தலைகள் எல்லாம் ஒரே கோட்டில். தண்ணீரை ஊற்றினால் ஓடாமல் நிற்கும்.

துணி எடுக்க வந்த மனைவி கேட் பக்கம் நின்று, முழங்கால் உயரக் கழியைப் பார்த்தாள்.

"மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடும் இங்க?"

"சாக்கடைப் பக்கம்."

"ஏன் ஓடுது?"

கேட்டிலிருந்து சாக்கடை வரைக்கும் ஒரு தடவை பார்த்தேன். பதினெட்டு வருஷமாக அந்தச் சரிவில் சைக்கிளை மிதிக்காமலே இறக்கிக்கொண்டு போகிறவன் நான்.

ஷிஃப்ட் பஸ் போனது. நான் சட்டை மாற்றி, இரண்டு பைகளையும் வாசலுக்குக் கொண்டுவந்திருந்தேன். செவலை மாடு சாக்கடை ஓரம் வந்து, கழியை முகர்ந்து, வேலியை ஒட்டியே மேடேறி நடந்தது. கேட் பக்கம் வந்ததும் நின்றது. முன்காலைத் தூக்கி உள்ளே வைத்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்காலையும் வைத்தது. கம்பியில் படவேயில்லை.

மனைவி துடைப்பத்தோடு ஓடி அதை விரட்டிவிட்டு வந்தாள். தங்கைக்கு வாங்கிய வளையல் டப்பாவைத் தன் பையிலிருந்து எடுத்து என் பையில் வைத்தாள்.

"குறுக்க ரெண்டு கழி கட்டினா போதும், அஞ்சு நிமிஷம். நீ பொடவைய மாத்து" என்றேன்.

"நீங்க போயிட்டு வாங்க."