குழாயில் நின்ற தண்ணீர்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். புறக்கோட்டையில் சேலை விற்கிறவன் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு நேரில் நன்றி சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கடலுக்கடியில் மீன் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. வெள்ளவத்தையில் கடல் தெரியக் குடியிருந்தும் அவள் பார்த்ததெல்லாம் அலையைத்தான். ஆகவே, காற்றுச் சிலிண்டர் கட்டி மூழ்கப் பழக்கும் வகுப்பில் இருவரும் சேர்ந்தோம். அங்கே ஒருவர் மூழ்கினால் அவருடைய துணை மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். துணை இல்லாதவரைக் கடலில் இறக்க மாட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் சோடி சேர்ந்துவிட்டார்கள். கல்கிசையில் வகுப்பு நடந்த நீச்சல் குளத்தில் நான் தேறாவிட்டால், மறுநாள் அவளுக்குக் கடல் இல்லை.

பழக்கியவள் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. எங்கள் மகளின் வயதுதான் இருக்கும். சிலிண்டருக்கு முன்னால் மூச்சுக்குழாய் பழக வேண்டும், நாளைக்குக் கடலிலும் குழாய் மட்டும்தான் என்றாள். குழாயை வாயில் கடித்தபடி மூச்சைப் பிடித்துக் கீழே போக வேண்டும். மேலே வந்ததும், குழாய்க்குள் ஏறிய தண்ணீரைப் பலமாக ஊதி வெளியே தள்ள வேண்டும். மனைவிக்கு உடனே வந்துவிட்டது. எனக்கோ ஒவ்வொரு தடவையும் புரைக்கேறியது.

"மூச்சு நல்லாத்தானே பிடிக்கிறீங்க அங்கிள். மேல வந்த பிறகு என்ன நடக்குது?"

மனைவி முந்திக்கொண்டாள்.

"அவர் எங்க ஊதுறார், பிள்ளை? குடிக்கிறார்."

"குடிக்கிறாரா?"

"ஓம். நீங்கள் முன்னால நிக்கிறியளெல்லே, எச்சில் தண்ணி உங்கட முகத்தில தெறிச்சிடும் எண்டு பயம். கடையில இருமல் வந்தாலும் சேலைக் கட்டுக்குப் பின்னால போய் இருமுற ஆள்."

உண்மைதான். குளத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஏறிப் போய்விடலாமா என்று படியைப் பார்த்தேன்.

அந்தப் பிள்ளை விலகி நின்றிருக்கலாம். அவள் தன் குழாயைக் கடித்துக்கொண்டு மூழ்கினாள். நேரே என் முன்னால் எழும்பி, என் முகத்திலேயே ஊதினாள். கண், மூக்கு, மீசையெல்லாம் தண்ணீர்.

"முதல்ல நான் ஊதிட்டேன், கடனைத் திருப்பித் தாங்க. இனி உங்கட முறை அங்கிள். நான் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன். அவசரப்பட்டு மூச்சு இழுக்காதீங்க, ஆறுதலா."

கீழே போனேன். வந்தேன். பெருஞ்சத்தத்தோடு ஊதினேன். தண்ணீர் அவள் நெற்றியில் அடித்தது. அவள் துடைக்கக்கூட இல்லை, கையைத் தட்டினாள்.

"அன்ரி, உங்களுக்குத் துணை கிடைச்சிட்டார்!"

"இவ்வளவு காலமும் இந்தச் சத்தத்தை எங்க வச்சிருந்தனீங்கள்?" என்றாள் மனைவி.

உடை மாற்றிய பின், "தாங்ஸ் மிஸ்" என்றேன். அவளுக்குக் கேட்டிருக்காது.

மறுநாள் காலை கடலுக்குப் போனோம். மனைவி மஞ்சள் கோடு போட்ட மீன்களைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மழை வந்தது. ரயிலில் வெள்ளவத்தைக்குத் திரும்பினோம்.